வீட்டு ஆங்கிலத்தைத் திட்டாமல் கொப்பி ஆங்கிலம் கற்பிக்கும் கொக்குவில் வகுப்பு: எட்டு மாத அனுபவம்

கொக்குவிலில், புகையிரத நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் தமது வீட்டு விறாந்தையில் மாலை வகுப்பு ஒன்றை நடத்திவருகிறார். என் தங்கையின் பிள்ளைகள் இருவரும் எட்டு மாதங்களாக அங்கே படிக்கிறார்கள். வெளிநாட்டில் பிறந்து, அங்கத்தைய தெரு ஆங்கிலத்தோடு ஊருக்கு வந்து, இங்கே பாடசாலையில் தடுமாறும் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்குப் பயன்படும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தமது பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுத வேண்டாம் என்று ரீச்சர் கேட்டுக்கொண்டார். விறாந்தையில் பன்னிரண்டு கதிரைகளுக்கு மேல் போட இடமில்லை. தேடி வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனமும் வராது. அயலில் "லண்டன் பிள்ளையள் படிக்கிற ரீச்சர் வீடு" என்று விசாரித்தால் காட்டிவிடுவார்கள்.

தங்கை இலண்டனின் கிழக்கே உள்ள ஈஸ்ற்ஹாமில் பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, அம்மாவின் உடல்நிலை காரணமாகப் பிள்ளைகளுடன் கோண்டாவிலுக்கு வந்து எங்களோடு இருக்கிறாள். மச்சான் இன்னும் அங்கேதான். மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்கு ஒன்பது. இருவரும் அங்கே பிறந்தவர்கள். தங்களுக்குள்ளும் தாயோடும் ஆங்கிலத்திலேயே கதைப்பார்கள். அந்த ஆங்கிலம் பாடப்புத்தகத்து ஆங்கிலம் இல்லை. கரீபியன் தீவுகளிலிருந்தும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகளும், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே விளையாட்டு முற்றத்தில் கலந்து உருவாக்கிய இலண்டன் இளையோர் பேச்சு அது. "நாங்கள் இருந்தோம்" என்று சொல்லும்போது அவர்கள் வாயில் "வீ வேர்" (we were) வராது, "வீ வொஸ்" (we was) என்றே வரும். 'மூன்று' என்பதற்கான சொல் 'ஃப்றீ' என்று ஒலிக்கும். எந்த வசனத்தின் முடிவிலும், நம் 'தானே' போல, ஒரு 'இன்னிற்' (innit) ஒட்டிக்கொண்டிருக்கும்.

நகரிலுள்ள ஆங்கில மொழிமூலப் பாடசாலை ஒன்றில் இருவரையும் சேர்த்தோம். எத்தனை பாடங்களில் பின்தங்கினாலும் ஆங்கிலத்தில் இவர்களை யாரும் மிஞ்ச முடியாது என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். முதல் தவணை அறிக்கையில் மூத்தவனுக்கு ஆங்கில இலக்கணத்தின் அடிப்படையே தெரியாது என்று எழுதியிருந்தது. அவனுடைய கட்டுரைக் கொப்பியைத் திறந்தால் பக்கம் முழுவதும் சிவப்பு மை. வகுப்பில் அவன் விடை சொல்ல எழுந்தபோதெல்லாம் வசனத்தைப் பத்து முறை திருத்திச் சொல்லவைத்தார்கள். பின்தங்கிய மாணவருக்கான மேலதிக வகுப்பில் அவனை இருத்தினார்கள். தடித்த ஆங்கிலக் கதைப்புத்தகங்களை இரண்டு நாட்களில் வாசித்து முடிக்கும் பிள்ளை அவன். இரண்டாம் தவணையில் வகுப்பில் கை உயர்த்துவதை நிறுத்தினான். பிறகு வீட்டிலும் பேச்சைக் குறைத்தான். ஒரு நாள் இரவு முற்றத்தில் என் பக்கத்தில் வந்திருந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "மாமா, எனக்கு ரெண்டு பாசையும் தெரியாது" என்றான். அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இடையில் நகரத்து ரியூட்டரி ஒன்றிலும் இரண்டு மாதம் விட்டுப் பார்த்தோம். ஒரு மண்டபத்தில் எண்பது பிள்ளைகள், கையில் அச்சடித்த இலக்கணப் பயிற்சித் தாள்கள். இடைவெளி நிரப்பும் பயிற்சிகளில் அவன் சரியான சொல்லைப் போட்டான். கட்டுரை எழுதும்போது பழையபடி எழுதினான். அதற்கு மேல் அங்கே நடந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கொக்குவில் ரீச்சரிடம் போன முதல் நாள், பிள்ளைக்கு என்ன தெரியாது என்று அவர் கேட்கவில்லை, கொப்பியைக் கேட்டார். சிவப்பு மை பட்ட அந்தக் கட்டுரைக் கொப்பியை விரித்துவைத்து, அவனைப் பக்கத்தில் இருத்தி, 'வொஸ்' வருகிற இடங்களையெல்லாம் பச்சைப் பென்சிலாலும், அதன் எதிர்மறை வருகிற இடங்களை நீலப் பென்சிலாலும் அடையாளமிடச் சொன்னார். அரை மணித்தியாலம் அவன் தேடித் தேடிக் கோடிட்டான். முடித்ததும், "இப்ப பாரடா தம்பி, உனக்கு ஏதாவது தெரியுதோ?" என்று மட்டும் கேட்டார். அவனே கண்டுபிடித்தான். உடன்பாட்டு வசனம் எதுவானாலும், எழுவாய் நானோ நீயோ நாங்களோ அவர்களோ, அவன் 'வொஸ்' எழுதியிருந்தான். எதிர்மறை வசனமென்றால், எழுவாய் எதுவானாலும், 'வேர்ண்ட்' (weren't) எழுதியிருந்தான். "இற் வேர்ண்ட் மீ", "ஹீ வேர்ண்ட் தெயர்" என்று பதினோரு இடங்கள். ஒரு இடத்திலும் மாறவில்லை.

பாடசாலை ஆசிரியர் அந்தப் பக்கத்தில் கண்டது கவனயீனத்தால் வந்த இருபத்தைந்து பிழைகளை. ரீச்சர் கண்டது ஒரே ஒரு விதியை. பாடநூல் ஆங்கிலம் எழுவாயைப் பார்த்து வினைச்சொல்லை மாற்றுகிறது. இவனுடைய ஆங்கிலம் வசனம் உடன்பாடா எதிர்மறையா என்று பார்த்து மாற்றுகிறது. இது இந்தப் பிள்ளை தானாக உண்டாக்கியதும் இல்லை. இலண்டனிலும் இங்கிலாந்தின் வேறு பல வட்டாரங்களிலும் இந்த ஒழுங்கு இருப்பதை மொழியியலாளர் பதிவு செய்திருக்கிறார்கள். இலண்டன் இளையோர் பேச்சைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்த ஜெனி செஷயர், போல் கெர்ஸ்வில், சூ ஃபொக்ஸ் ஆகியோரின் ஆய்வுகளிலும் இந்த வினைச்சொல் வடிவங்கள் பேசப்படுகின்றன. "உன்ர இங்கிலீசிலை இலக்கணம் இருக்கு. கொப்பியிலை எழுதுற இங்கிலீசிலையும் இலக்கணம் இருக்கு. ரெண்டும் வேறை வேறை. ரெண்டாவதை நான் சொல்லித்தாறன்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில், மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து, கோண்டாவில் சந்தி வரைக்கும் அவன் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே வந்தான்.

வகுப்பின் முறை இதிலிருந்துதான் கிளைக்கிறது. ஒவ்வொரு பிள்ளையிடமும் பக்கத்தின் நடுவே கோடு போட்ட ஒரு கொப்பி இருக்கிறது. இடப்பக்கத்துக்கு 'வீட்டுக்கதை' என்றும் வலப்பக்கத்துக்குக் 'கொப்பிக்கதை' என்றும் பிள்ளைகளே பெயரிட்டிருக்கிறார்கள். வீட்டிலும் தொலைபேசியிலும் சொன்ன வசனம் ஒன்றை இடப்பக்கத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். அதே பொருளைப் பரீட்சைத் தாளில் எப்படி எழுதுவார்கள் என்பதை வலப்பக்கத்தில் எழுத வேண்டும். பிறகு இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது, ஏன் மாறியது என்பதை வாய்விட்டு விளக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் உயிரானது. பிள்ளை விதியைத் தன் வாயால் சொல்லும்வரை ரீச்சர் அடுத்த வசனத்துக்குப் போகவே மாட்டார். 'பிழை' என்ற சொல்லை அந்த விறாந்தையில் எழுத்துக்கூட்டலுக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறார்.

'இன்னிற்' பற்றிய பாடத்தன்று நானும் விறாந்தையின் ஓரத்தில் வாங்கில் இருந்தேன். பாடநூல் ஆங்கிலத்தில் வசனத்தின் இறுதிக் கேள்வி எழுவாயையும் காலத்தையும் பார்த்து ஒவ்வொரு முறையும் உருமாற வேண்டும். 'இன்னிற்' அப்படி மாறுவதில்லை. ரீச்சர் பிள்ளைகளிடம் தமிழில் கேட்டார்: "அவன் வந்தவன் தானே, அவை வந்தவை தானே, நீ வருவாய் தானே. இதிலை 'தானே' எங்கையாவது மாறுதோ?" மாறுவதில்லை. தமிழின் 'தானே'யும் 'அல்லவா'வும் எந்த எழுவாய்க்கும் ஒரே உருவில் நிற்கும்போது நமக்கு அது குறையாகப் படுவதில்லை. இலண்டன் பிள்ளையின் 'இன்னிற்' அதே வேலையை அதே விதத்தில் செய்கிறது. நமது ஊர் ஆங்கிலத்தில் வசனந்தோறும் வருகிற 'நோ?' என்ற வாலும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். இதைக் கேட்ட சின்னவள் வீட்டுக்கு வந்து அம்மம்மாவோடு கதைக்கும்போது 'தானே'யை எண்ணத் தொடங்கினாள். அம்மம்மாவின் தமிழை அவள் அப்படி உன்னிப்பாகக் கேட்டதை நான் கண்டது அன்றுதான்.

இந்த முறையை யாழ்ப்பாணத்தவர்களாகிய நாம் ஐயமின்றிப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். நாம் எல்லோருமே வீட்டில் ஒரு தமிழும் கொப்பியில் ஒரு தமிழுமாக வளர்ந்தவர்கள். 'பேந்து வாறன்' என்று சொல்லிவிட்டுப் போய், 'பின்னர் வருகிறேன்' என்று எழுதினோம். நான் தரம் 3 இல் படித்தபோது 'உவன்' என்று எழுதியதற்காக வாத்தியார் ஒருவர் என்னை வாங்கில் ஏற்றிவிட்டார். 'உவன்', 'உது', 'உங்கை' ஆகியவை படியாதவர் பேச்சு என்று நெடுங்காலம் நானும் எண்ணியிருந்தேன். "அ இ உ அம் மூன்றும் சுட்டு" என்று தொல்காப்பியம் சொல்கிறது என்பதையும், தமிழகத்துப் பேச்சுவழக்கில் மறைந்துபோன உகரச் சுட்டு நம் ஊர் வாயில் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதையும் உயர்தர வகுப்பில்தான் அறிந்தேன். ஒரு வடிவம் கொப்பிக்கு ஏற்றதா என்பது ஒரு கேள்வி. அது ஒழுங்குள்ள மொழியா என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டையும் நம் தமிழுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நாம், பிள்ளையின் ஆங்கிலம் என்று வந்ததும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

தங்கைக்குத் தொடக்கத்தில் இந்த வகுப்பில் நம்பிக்கை இருக்கவில்லை. மச்சானோ தொலைபேசியில் கோபித்தே விட்டார்: "காசு குடுத்து உந்த றோட்டு இங்கிலீசையோ திரும்பப் படிப்பிக்கிறியள்?" அவருடைய கவலையை நான் குறைத்து மதிக்கவில்லை. பிள்ளை பரீட்சையில் தோற்றால் அதன் விளைவைச் சுமக்கப் போவது பிள்ளைதான். இதே ஐயத்தோடு ரீச்சரிடம் கேட்டபோது, இலண்டனில் மகளோடு இருந்த ஆண்டுகளில் ஞாயிறு தமிழ்ப் பாடசாலை ஒன்றில் உதவி செய்ததையும், அங்கேதான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியதையும் சொன்னார். அவர் தந்த தாள்களை நானும் இரவிரவாக இருந்து வாசித்தேன்.

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இது நீதிமன்றம் வரை போன விடயம். மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், பிள்ளைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் கணக்கில் எடுக்காததால் அவர்கள் வாசிப்பில் பின்தங்குகிறார்கள் என்று பெற்றோர் தொடுத்த வழக்கில், 1979ஆம் ஆண்டு நீதிபதி சார்ள்ஸ் ஜோய்னர் தீர்ப்பளித்தார். பிள்ளையின் வீட்டுப் பேச்சை அடையாளங்காணவும், பொது ஆங்கில வாசிப்பைக் கற்பிக்கும்போது அந்த அறிவைப் பயன்படுத்தவும் ஆசிரியர்களுக்கு வழிகாட்டுமாறு கல்விச் சபைக்கு உத்தரவாயிற்று. வீட்டுப் பேச்சைப் பாடமாக்கச் சொல்லி நீதிமன்றம் கேட்கவில்லை. 1996 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லன்ட் கல்விச் சபை இதே திசையில் தீர்மானம் நிறைவேற்றியபோதும், மச்சான் சொன்ன அதே கோபம் நாடு முழுவதும் எழுந்தது: தெருப் பேச்சைக் கற்பிக்கப் போகிறார்கள் என்று. அடுத்த மாதமே அமெரிக்க மொழியியற் சங்கம் கூடி, அந்த அணுகுமுறை மொழியியல் நோக்கிலும் கற்பித்தல் நோக்கிலும் சரியானது என்று தீர்மானம் எடுத்தது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேதனையானது. கரீபியன் குடும்பத்துப் பிள்ளைகள் அளவுக்கு மீறிய தொகையில் மந்தபுத்தியுள்ளோருக்கான பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டதை, 1971இல் கிரனடாவைச் சேர்ந்த ஆசிரியர் பேர்ணாட் கோர்ட் ஒரு சிறு நூலில் வெளிக்கொணர்ந்தார். பிள்ளைகளின் பேச்சை அறிவுக்குறைவாகக் கருதியதும் அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. நான்கு ஆண்டுகளின் பின் அந்த நாட்டு அரசுக்காக அலன் புலொக் தலைமையில் வெளியான அறிக்கை, எந்தப் பிள்ளையும் பாடசாலை வாசலைத் தாண்டும்போது வீட்டு மொழியைக் களைந்துவிட்டு வர வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்றது. மூத்தவனை மேலதிக வகுப்பில் இருத்தியதை எண்ணிக்கொண்டு இந்தப் பகுதியை வாசித்தபோது, இது எங்கோ நடந்த பழங்கதை என்று எனக்குத் தோன்றவில்லை.

தங்கையை மாற்றியது புள்ளிவிவரம்தான். சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஒரோரா பல்கலைக்கழகத்தில் ஹன்னி ரெய்லர் என்பவர் கறுப்பின மாணவரை இரண்டு குழுக்களாகப் பிரித்துக் கற்பித்தார். வீட்டு மொழியையும் பொது மொழியையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டுக் கற்ற குழுவின் எழுத்தில் பதினொரு வாரங்களில் வீட்டுப் பேச்சு வடிவங்கள் 59 சதவீதம் குறைந்தன. வழக்கமான முறையில் திருத்தப்பட்ட குழுவின் எழுத்தில் அவை 8.5 சதவீதம் கூடின. திருத்தத் திருத்த அவை கூடின என்ற அந்த ஒரு வரியைத் தங்கை இரண்டு முறை வாசித்தாள். எங்கள் கண்ணுக்கு முன்னால் நடந்ததும் அதுவே.

ரீச்சர் சொன்ன இன்னொன்றை நான் மறக்க மாட்டேன். அமெரிக்கக் கறுப்பின ஆங்கிலத்தில் 'பீ' (be) என்ற சொல் ஒரு செயல் வழமையாக நடப்பதைக் குறிக்கும். ஜெனிஸ் ஜக்சன் என்ற ஆய்வாளர் சிறு பிள்ளைகளுக்கு ஒரு படம் காட்டினார். பிஸ்கற் தின்பதற்குப் பெயர்போன குக்கி மொன்ஸ்ரர் என்ற பொம்மை நோயாகப் படுத்திருக்கிறது. அருகில் நிற்கும் எல்மோ என்ற பொம்மை பிஸ்கற் தின்கிறது. "ஹூ பீ ஈற்றிங் குக்கீஸ்?" என்று கேட்டபோது, கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் படுத்திருக்கும் குக்கி மொன்ஸ்ரரைக் காட்டினார்கள். வெள்ளையினப் பிள்ளைகளிற் பலர் எல்மோவைக் காட்டினார்கள். அந்த நிமிடத்தில் தின்கிறவர் யார் என்பது கேள்வி இல்லை, வழக்கமாகத் தின்பவர் யார் என்பதே கேள்வி என்று கறுப்பினப் பிள்ளைகளின் காது பிரித்தறிந்தது. தமிழில் 'பசு புல் தின்கிறது' என்பதற்கும் 'பசு புல் தின்னும்' என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இவ்வளவு நுண்மையான ஒன்றை ஐந்தாறு வயதில் கையாளும் பிள்ளையை இலக்கணம் தெரியாதவன் என்று சொல்ல எந்த ஆசிரியருக்கு மனம் வரும்?

வகுப்பில் இருக்கும் எல்லோரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் இல்லை. பன்னிரண்டு பேரில் ஐவர் இங்கேயே பிறந்தவர்கள். பிள்ளை ஆங்கிலத்தில் சரளமாக வர வேண்டும் என்பதற்காகப் பெற்றோர் வீட்டில் விடாப்பிடியாக ஆங்கிலம் கதைக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய வீட்டு ஆங்கிலத்துக்கும் ஒரு தனி உருவம் உண்டு. ஒரு பெண்பிள்ளை தன் இடப்பக்கத்தில் "ஐ வில் கோ அன்ட் கம்" என்று எழுதியிருந்தாள். இலண்டன் பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. போகும்போது 'போறன்' என்று சொல்வது நம் வீடுகளில் ஆகாது, 'போட்டு வாறன்' என்றே சொல்ல வேண்டும் என்பதை ரீச்சர் அவர்களுக்கு விளக்கி, அந்த வசனத்தை இடப்பக்கத்தில் அழிக்காமல் விட்டு, வலப்பக்கத்தில் பரீட்சைக்கு எழுத வேண்டியதை எழுதவைத்தார். பிறகு படலையடியில் எல்லாப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் "கோ அன்ட் கம்" சொல்லிக்கொண்டு பிரிந்தார்கள். 2009ஆம் ஆண்டளவில் இந்த நாட்டு அரசே நம் முறையில் ஆங்கிலம் பேசுவோம் என்று ஒரு முயற்சி எடுத்தது. பேச்சுக்கு அது தந்த துணிவு நல்லது. பேச்சிலிருந்து எழுத்துக்குப் போகும் பாதையைப் பிள்ளைக்குக் காட்டுகிற வேலை மிஞ்சியிருந்தது. அதைத்தான் இந்த விறாந்தை செய்கிறது.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும், சின்னவளின் வயதுப் பிள்ளைகளுக்கு இந்த முறை அவ்வளவு பொருந்தவில்லை என்பது. இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டு விதியைச் சொல்லும் பொறுமை ஒன்பது வயதில் எல்லோருக்கும் இருக்காது. முதல் மூன்று மாதங்கள் அவள் 'வொஸ்' என்றாலே கூடாத சொல் என்று விளங்கிக்கொண்டு, "ஐ வேர்", "ஷீ வேர்" என்று எங்கும் 'வேர்' போட்டு எழுதினாள். வீட்டில் நான் கண்டு சொன்ன பிறகுதான் ரீச்சர் கவனித்தார். அதன் பின் சிறியவர்களுக்குக் கதை சொல்லி நடித்துக் காட்டும் பாடம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். அரசி பேசும்போது கொப்பிக்கதை, குரங்கு பேசும்போது வீட்டுக்கதை. இதில் அவள் தேறிவருகிறாள். ஆயினும் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை அங்கே சேர்க்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, பரீட்சைப் பயிற்சி மிகக் குறைவு. கடந்தகால வினாத்தாள் செய்வது, நேரத்துக்குள் எழுதி முடிப்பது போன்றவற்றை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும் பிள்ளைக்கு வேறு வகுப்பும் வேண்டிவரும். உச்சரிப்பை ரீச்சர் தொடுவதே இல்லை. பெரும்பாலும் அவருடன் நான் உடன்படுகிறேன், பிள்ளையின் நாக்கைப் பிடித்துத் திருத்துவதால் அவன் வாய் மூடுவதைக் கண்ணால் கண்டவன் நான். ஆனால் மூத்தவன் 'மூன்று' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ஒலிக்கிறபடியே எழுதி, அது 'இலவசம்' என்று பொருள்பட்ட இடம் அண்மையிலும் இருந்தது. ஒலியும் எழுத்தும் பிரிகிற இத்தகைய சொற்களுக்குத் தனிப் பட்டியலும் தொடர்ந்த பயிற்சியும் தேவை. ஒரு முறை சொல்லிவிட்டுப் போவது போதாது.

பாடசாலையோடு அவர் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்வதில்லை. எழுத்தில் முன்னேற்ற அறிக்கையும் தருவதில்லை; மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியையும் விரித்துவைத்துக் கதைப்பார். அந்தச் சந்திப்பு அருமையானது, தங்கை தன் பேச்சு வடிவங்களையும் பிள்ளையின் இடப்பக்கத்தில் கண்டு கண் கலங்கியதும் மகிழ்ந்ததும் அங்கேதான். இருந்தாலும் பாடசாலையில் காட்டுவதற்கு ஒரு தாளாவது கையில் இருந்தால் நன்றாக இருக்கும். மாரி காலத்தில் சாரல் விறாந்தைக்குள் அடிக்கும். நுளம்புக்கும் ஏதாவது பூசிக்கொண்டு அனுப்புங்கள்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கட்டுரையைப் பற்றிச் சொல்கிறேன். நல்லூர்த் திருவிழா முடிந்ததும் பாடசாலையில் அதைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். மூத்தவன் தேர்த்திருவிழாவை எழுதினான். சனத்துக்குள் தன் தங்கையின் கையை விட்டதும், சுடுமணலில் செருப்பில்லாமல் நடந்ததும், கச்சான் கடைக்காரர் ஒருவர் அவளைத் தூக்கித் தன் கடை மேசையில் ஏற்றி நிறுத்தியதும், அங்கிருந்து அவள் கையசைத்ததும் அதில் இருந்தன. இரண்டரைப் பக்கக் கட்டுரையில் கதை சொல்பவனின் வசனங்கள் அனைத்தும் கொப்பிக்கதையில் இருந்தன. 'வொஸ்', 'வேர்' இரண்டிலும் ஓர் இடத்திலும் பிசகவில்லை. கை விட்டது யார் என்று தாய் கேட்டபோது சின்னவள் சொன்ன விடையை மட்டும் மேற்கோள் குறிக்குள் "இற் வேர்ண்ட் மீ" என்றே எழுதியிருந்தான். எங்கே எந்த ஆங்கிலம் வேண்டும் என்பதைத் தெரிந்து எழுதிய பிள்ளையின் வேலை அது.

பாடசாலையில் அந்த மேற்கோளையும் சிவப்பு மையால் வட்டமிட்டுத்தான் தந்தார்கள். அவன் இம்முறை கலங்கவில்லை. கொப்பியை ரீச்சரிடம் கொண்டுபோய், அது தன் தங்கை பேசியது, அதை மாற்றினால் அவளாக இருக்காது என்று அவனே வாதாடினான். ரீச்சர் அந்த வட்டத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பிடியே இருக்கட்டும், நீ எழுதினது சரி" என்றார். வீட்டில் இருவரும் இப்போதும் "வீ வொஸ்" என்றுதான் கதைக்கிறார்கள். மூத்தவன் வகுப்பில் மறுபடி கை உயர்த்துகிறான் என்று அவனுடைய நண்பன் ஒருவன் சொன்னான்.

செவ்வாய், வியாழன் மாலை 4.30 முதல் 6.00 மணி வரையும், சனி காலை 9 மணிக்கும் வகுப்பு. மாதக் கட்டணம் 3,500 ரூபா. ஒரே வீட்டிலிருந்து வரும் இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. தவணை தொடங்கும் வாரத்தில் மட்டுமே புதியவர்களைச் சேர்க்கிறார், அதுவும் கதிரை காலியானால். முதல் நாள் போகும்போது பிள்ளையின் பாடசாலைக் கட்டுரைக் கொப்பி ஒன்றைக் கேட்பார். வீட்டில் திருத்தி எழுதிய புதுக்கொப்பியைக் கொண்டுபோகாதீர்கள். சிவப்பு மை கூடுதலாக உள்ள பழைய கொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.